நலங்குப் பாட்டைச் சாவு வீட்டில் ஊதிய இருசப்பனார்க்கு

பித்தளைக்குள் பிராணனை ஊதிய பெரியோய்! உத்திரமேரூர் வட்டாரத்தில் உம் கார்னெட் குழல் கேளாமல் தாலி ஏறிய கழுத்தும் இல்லை, தோள் ஏறிய பாடையும் இல்லை என்னும்படி மூச்சையே முதலாக்கி முழங்கிய மூத்தவரே! முன்பற்கள் முன்னறிவிப்பின்றி விடைபெற்றுக்கொண்டமையால் நீரும் விடைபெறுகின்ற இந்த 1966ஆம் ஆண்டுத் தைத் திங்களில், வெயிலிலும் புழுதியிலும் உம்மோடு கால் தேய நடந்த பேண்டு செட்டார் நாங்கள், கனத்த நெஞ்சும் கசிந்த கண்ணுமாக இம்மடலைப் படித்தளிக்கிறோம்!

முறைப்படி உம்மை முகத்துக்கு நேரே புகழ வேண்டும். தொடங்கினால் பீடி பற்றவைக்கும் சாக்கில் எழுந்து போய்விடுவீர் என்பது எமக்குத் தெரியாததா? ஆகையால் உம்மை ‘அவர்’ ஆக்கி, அவையோருக்குக் கதையாகச் சொல்கிறோம். பொய் கலந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தடுக்கலாம்.

அவையீர்! ஐம்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் கூரத்துத் திருவிழாவில் வாசித்துவிட்டு, செட்டார் அனைவரும் லாரியின் மேல் உட்கார்ந்து பனிக்காற்றில் ஊர் திரும்பினோம். மறுநாள் காலையில் இருசப்பனார் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலப்பக்கமாக வழிந்து மார்பை நனைத்தது. அவர் மனைவி செங்கேணியார் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டார். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. வலக்கண் மூடவில்லை.

காற்று அறைந்துவிட்டது என்றார்கள். புறா ரத்தம் தடவினார்கள். ஆஸ்பத்திரியில் நரம்பு வாதம், பொறுத்தால் சரியாகும் என்றார்கள். அவரும் பொறுத்தார். பாதிதான் சரியாயிற்று. கார்னெட்டை வாயில் வைத்தால் காற்று வலக்கன்னத்தில் போய்த் தேங்கி, உதட்டோரமாகப் புஸ்ஸென்று கழன்றுபோனது.

கல்யாண வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: “நல்ல காரியத்துல வாய் கோணின மூஞ்சி முன்னால வரக்கூடாது.” செட்டுத் தலைவர் அருள்தாஸ், இப்போது உங்கள் முன் நின்று இதைப் படிப்பவர்தான், என்ன செய்வார்? கல்யாணத்துக்கு அவரை வீட்டில் விட்டார். சாவுக்கு மட்டும் அழைத்துப்போனார். பத்து ஆள் என்று பேசிவிட்டால் பத்து ஆள் நின்றாக வேண்டுமே! அதனால் இருசப்பனார் கார்னெட்டை வாயில் வைத்தபடி ஊதாமலே நின்றார். கிளாரினெட் சத்தத்தில் யாருக்கு என்ன தெரியும்?

இங்கேதான் வேடிக்கை. மூடாத வலக்கண்ணிலிருந்து ஓயாமல் நீர் வழிந்துகொண்டே இருக்கும். சாவு வீட்டார் அதைப் பார்த்து உருகிப்போனார்கள். “பெத்த புள்ளையே அழுவல, இந்த மனுசன் எப்டி அழுவறாரு பாரு!” என்றார்கள். பிறகு சாவு சொல்ல வருகிறவர்களே, “அழுவற பேண்டுக்காரரு வருவாரில்ல?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்கள். அருள்தாஸுக்கு வாயெல்லாம் பல்.

இருசப்பனாருக்கோ உள்ளே வெந்தது. “ஊதறவன்னு பேர் வாங்கினேன். இப்ப அழுவறவன்னு பேரு. அதுவும் பொய் அழுவை,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அன்று சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மறுபடி ஒரு கல்யாணத்தில், ஊர்வலத்துக்கு முன்னால், நின்று ஊத வேண்டும். அவர் வேண்டியது அது ஒன்றே.

செங்கேணியார் அரிசி ஆலைக் களத்தில் நெல் துழாவும் வேலை பார்த்தார். ஆலை ஓடும்போது இடி விழுந்தாலும் கேட்காது. அந்த இரைச்சலுக்குப் பின்னே, சுவரோரம் நின்று இருசப்பனார் பகல் பகலாகப் பழகினார். உதட்டின் நடுவை விட்டுவிட்டு இடக்கோடியில் குழலை வைத்தார். கன்னம் உப்பாமலிருக்கத் துண்டைத் தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் இறுக்கிக் கட்டினார். செங்கேணியார் பதறிப்போனார். “இன்னாய்யா இது, பொணத்துக்கு வாய்க்கட்டு கட்னாப்புல! அவுத்துப் போடு!” அவர் அவிழ்க்கவில்லை. கீழ்ச்சுரங்கள் மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகப் பிடிபட்டன. அவற்றுக்குள் அடங்கியது ஒரே பாட்டு. பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது ஊதுகிற பாட்டு. அதையே மாதக்கணக்கில் ஊதினார். எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

அப்போதுதான் திருப்புலிவனத்துப் பெருநிலக்காரர் தாண்டவராயன் காலமானார். தெரு கொள்ளாத கூட்டம். வாய்க்கட்டும் மாலையுமாகப் பெரியவர் வாசலில் கிடத்தப்பட்டிருந்தார். பாடை தூக்கும் நேரத்தில் அவர் மகன் சுப்பிரமணி கையை உயர்த்தினார்.

“செட்ட நிறுத்துப்பா. அந்த அழுவற ஆளு மட்டும் தனியா ஊதட்டும். எங்க நைனாவ அவருதான் அனுப்பி வெக்கணும்.”

அருள்தாஸ் குறுக்கே வந்து கும்பிட்டார். “ஐயா, அவருக்கு இன்னிக்கு ஒடம்பு செரியில்ல...”

“நின்னுக்கினுதானே கீறாரு? ஊதறதுக்குத்தானே வந்தாரு?”

ஊதாத ஆளை நிறுத்தி ஏமாற்றினோம் என்று தெரிந்தால் அந்தத் தெருவைவிட்டு எலும்பு முறியாமல் வெளியே வந்திருக்க மாட்டோம். மறுநாள் முதல் எந்த ஊரும் எங்களைக் கூப்பிட்டிருக்காது.

இருசப்பனார் தோள் துண்டை எடுத்தார். தாடைக்கு அடியில் கொடுத்து உச்சியில் முடிந்தார். வாசலில் கிடந்தவருக்கும் அதே கட்டு, நின்றவருக்கும் அதே கட்டு! பெண்கள் ‘ஐயோ’ என்று வாயைப் பொத்தினார்கள். முதல் ஊதலில் வெறுங்காற்று. யாரோ சிரித்தார்கள். இரண்டாவதில் ஒரு கீச்சல். சுப்பிரமணியின் முகம் சிவந்தது. மூன்றாவது ஊதலில் சுரம் பிறந்தது, பாட்டும் பிறந்தது.

நலங்குப் பாட்டு!

இழவு வீட்டில் நலங்கு ஊதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். நிறுத்தினால் இனி என்றைக்கும் ஊத முடியாது என்று அந்த நிமிடத்தில் தோன்றியதாக எங்களிடம் பின்னால் சொன்னார். கண்ணை இறுக்கி மூடவும் முடியாமல் ஊதிக்கொண்டே நின்றார். சுப்பிரமணி கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்.

“டேய், கைய எறக்கு!”

பிணத்தின் தலைமாட்டிலிருந்து எழுந்து நின்றவர் பெரியவரின் மனைவி சொக்கம்மாள். தலை அவிழ்ந்திருந்தது. “எனக்கு நலங்கு வெச்சப்போ இந்தப் பாட்டுதான்டா ஊதினாங்க. அந்த மனுசனும் கேட்டுக்கினு போவட்டும். நீ ஊதுப்பா.”

இருசப்பனார் ஊதினார். இடக்கண்ணிலும் அன்று நீர் வந்தது.

அடுத்த ஆண்டு அதே வீட்டில் பேத்தி மலர்க்கொடிக்குக் கல்யாணம். இருசப்பன்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று சொக்கம்மாள் சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவர் முகத்தைப் பார்த்ததும் ஊர்வலத்தை மறித்தார்கள். “கோண வாய முன்னால வெச்சிக்கினு நாங்க நடக்க மாட்டோம்.” இருசப்பனார் கார்னெட்டை இறக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கத் தொடங்கினார்.

அப்போது உள்கட்டிலிருந்து வெள்ளைப் புடவையில் சொக்கம்மாள் தெருவுக்கு வந்தார். கணவனை இழந்தவர் கல்யாண ஊர்வலத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று ஊருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நேரே வந்து இருசப்பனாருக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

“எம்மூஞ்சியும் ஆவாத மூஞ்சிதான். ரெண்டு ஆவாத மூஞ்சியும் முன்னால போவுது. இஷ்டம் இருக்கறவன் பின்னால வாங்க.”

இருசப்பனார் துண்டைக் கட்டிக்கொண்டு நலங்குப் பாட்டை எடுத்தார். இருவரும் நடந்தார்கள். கொஞ்ச தூரம் வரை அவர்களுக்குப் பின்னால் எங்கள் காலடி மட்டுமே கேட்டது. பிறகு மாப்பிள்ளையே மாலையைச் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினார். எல்லாரும் வந்தார்கள்.

அந்த மலர்க்கொடி இன்று பிள்ளைகளும் பசுக்களுமாக நிறைவாக வாழ்கிறார். சகுனம் பார்த்தவர்களுக்கு வேறு பதில் வேண்டுமா?

ஐயா, இனி உம்மை மறுபடி ‘நீர்’ என்போம். ஓரக்காற்றால் ஊரை ஆண்டவரே! செங்கேணியம்மாளின் கைச்சோறும், கவலையில்லாத உறக்கமும், கால் நோகாத நடையும் பெற்றுப் பேரன் பேத்தியரோடு நீர் நீடு வாழ வேண்டுகிறோம். பல் போன வாயால் இனி நீர் ஊத வேண்டாம். ஆனால் எங்கள் செட்டு போகும் கல்யாணம் ஒவ்வொன்றிலும் உமக்கு ஒரு வேலை உண்டு; கூப்பிடுகிறவர்களிடம் அதைப் பேசித்தான் இனி அச்சார வெற்றிலை வாங்குவோம்.

நீர் முன்னால் நடக்க வேண்டும். நாங்கள் பின்னால் வருகிறோம்.

இங்ஙனம்,
அருள்தாஸும், உம் மூச்சுக்குத் தாளம் போட்ட பேண்டு செட்டார் அனைவரும்,
உத்திரமேரூர்.