பாலத்தூணில் வெள்ளைக் கோடு

மழையைக் குறை சொல்கிற ஆள் நான் இல்லை. நவம்பரில் பிடித்தால் மார்ச் வரைக்கும் எங்கள் கடற்கரையை அது விடாது. நீங்கள் மலைக்கு அந்தப் பக்கம், வெயில் ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று வெளியே உட்கார்ந்திருக்கும் போலீஸ்காரர் சொன்னார். பழகிவிடும். அந்தக் கதவுக்குக் கீழே மட்டும் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள். இந்த அறைக்குள் தண்ணீர் வருகிறது.

என் பெயர் வெண்டல் ஆஸ்டர். டோலன் ஆற்றங்கரையில் அப்பா விட்டுப்போன பால்பண்ணை என்னுடையது. மாடுகளை விற்றாகிவிட்டது, புல்வெளி மட்டும் இருக்கிறது. ராய்ஸ் டில்லரி விஷயமாக வந்திருக்கிறேன். அது விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டது தெரியும். நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. விட்டுப்போனது கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் ஆற்றுக்குப் பனிமலை கிடையாது. மழைதான் அதற்குத் தாயும் தகப்பனும். ராத்திரி பெய்தால் காலையில் காப்பி நிறத்தில் பொங்கி வேலிக்கம்பங்களை இழுத்துக்கொண்டு போகும். மழை விட்டால் வடியும். கலங்கல் தெளிந்து, பாட்டில் கண்ணாடி மாதிரி ஒரு பச்சை வரும். அந்தப் பச்சைக்காகத்தான் குளிர்காலம் பூராவும் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் ஸ்டீல்ஹெட் மீன் கடலிலிருந்து ஏறி வரும். ட்ரவுட் சாதிதான், ஆனால் கடலில் வளர்ந்து, கை நீளத்துக்கு, புதுக் கத்தி மாதிரி பளபளவென்று திரும்பும். சால்மனைப் போல முட்டையிட்டதும் சாகிற மீன் அல்ல. தெம்பு மிச்சமிருந்தால் மறுபடி கடலுக்குப் போகும், மறுபடி வரும். ஆகவே ஒரே மீனை இரண்டு குளிர்காலம் சந்தித்திருப்பேனோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகம் எனக்குப் பிடிக்கும்.

என் புல்வெளி முடிகிற இடத்தில் ஒரு மடு இருக்கிறது. கரடிமடு என்பார்கள். இந்தக் கரையிலிருந்து வீசினால் மீன் படுத்திருக்கும் இடத்துக்குத் தூண்டில் எட்டாது. மடு முடிந்து ஆறு அகலமாகப் பரவும் இடத்தில் இறங்கி, எதிரே இருக்கும் கூழாங்கல் திட்டுக்கு நடந்து போகவேண்டும். திட்டுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை, என்னைப் போலப் படகு வைத்திருந்தால் தவிர வேறு வழி கிடையாது. எப்போது இறங்கலாம் என்பதை அந்த இடத்தில் நின்று பார்த்துச் சொல்லமுடியாது. தண்ணீர் தொடையளவு இருக்கும்போது உங்களைத் தள்ளும். இடுப்புக்கு வந்தால் தூக்கிவிடும். அதற்காகத்தான், வாலிபத்தில், கொஞ்சம் மேலே இருக்கும் பாலத்தின் தூணில் நான் ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் கடக்கலாம். கோட்டைத் தொட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சூப் குடிக்கலாம். வெள்ளம் அழிக்கும்போதெல்லாம் திரும்ப அடிப்பேன். அந்தக் கோடு எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கமாட்டீர்கள். பரவாயில்லை.

ராய்ஸும் நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து மீன்பிடித்தவர்கள். மர ஆலை மூடியதும் அவன் வழிகாட்டியாகிவிட்டான். நகரத்து ஆட்களைக் கூட்டிவந்து மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவது. என் புல்வெளி வழியாகப் போய்வர நான்தான் அனுமதி கொடுத்தேன். முதலில் ஒருவர், இருவர். பிறகு கரடிமடுவில் எடுத்த படங்களை அவன் எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போட ஆரம்பித்தான். என் வாசல் கேட்டருகே கார்கள் வரிசை கட்டின. ஒரு காலை, ஒரே பெண்மீனை அடுத்தடுத்து மூன்று பேர் பிடித்து, படமெடுத்து, விட்டார்கள். மூன்றாவது ஆள் விட்டபோது அது நேராக நீந்தவில்லை. பக்கவாட்டில் சரிந்துகொண்டே போயிற்று.

அன்று ராய்ஸிடம் சொன்னேன். அவன் தன் ஆட்களுக்கு எதிரிலேயே சிரித்தான்.

“டேய், மீன் என்ன உன் மாடாடா? காதுல முத்திர குத்தி வச்சிருக்கியா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த டிசம்பரில் கோட்டைப் புதுப்பிக்கும்போது ஒரு கை அகலம் கீழே தள்ளிப் போட்டேன். யாருக்கும் கெடுதல் இல்லை, பாருங்கள். ஆட்கள் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் கோட்டுக்கு மேலே இருந்தது. வேறு ஆற்றுக்குப் போய்விட்டார்கள். கரடிமடு பல காலத்துக்குப் பிறகு அமைதியாயிற்று. மீன்கள் கல்லோடு கல்லாகப் படுத்திருந்தன. நான் சில நாள் தூண்டிலே எடுக்காமல் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

ராய்ஸ் கண்டுபிடித்துவிட்டான். பழைய வெள்ளை மேலே லேசாகத் தெரிந்திருக்கிறது.

“கோடு கீழ எறங்கிருச்சா, இல்ல பாலம் மேல ஏறிருச்சா?” என்று கேட்டு என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். “கிழட்டு நரிடா நீ.”

என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆட்கள் வரவேண்டும் அல்லவா? ஊரெல்லாம் வேறு மாதிரி சொல்லிவைத்தான். “வெண்டலுக்கு வயசாயிருச்சு, பயந்து பயந்து கோடு போடறான். கோட்டுக்கு மேல ஒரு கை தண்ணி இருந்தாக்கூட தைரியமா எறங்கலாம்.” அந்த ஒரு கைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். தூண்டில் கடையில், பீர் கடையில், எங்கும் அதே பேச்சு. “இன்னிக்கு தண்ணி எவ்ளோ?” “கோட்டுக்கு மேல அரை வெண்டல்.” “அப்ப போலாம்.” பயத்தை அளக்க என் பெயர்.

ஜனவரியில் பெரிய வெள்ளம் வந்து பாலத்தூணில் சேறும் கிளையும் அப்பிவிட்டுப் போயிற்று. வடிந்ததும் கம்பி பிரஷ் எடுத்துக்கொண்டு போய்த் தூணைச் சுத்தமாகத் தேய்த்தேன். பழைய வெள்ளை துளிகூடத் தெரியவில்லை. பிறகு கோட்டை அதன் சரியான இடத்தில், முதன்முதலில் நான் போட்ட இடத்தில், போட்டேன். கடைசி அங்குலம்வரை உண்மையான கோடு. நீங்கள் இப்போதே போய் அளந்து பார்க்கலாம். இதில் குற்றம் எது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்.

ராய்ஸ் கேட்டான். “கோட்டத் திரும்ப அடிச்சியா?”

“வெள்ளத்துல போயிருந்துச்சு. அடிச்சேன்.”

“அதே எடத்துலதானே?”

“அதே எடத்துலதான்.”

நான் பொய் சொல்லவில்லை. எப்போதும் இருந்த இடம்தான்.

ஹாலிஸ் கெர் என்பவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். போர்ட்லாந்தில் பியானோக்களைச் சுருதி சேர்க்கும் வேலை என்று பிறகு செய்தித்தாளில் படித்தேன். ராய்ஸிடம் போனில் வழி கேட்டுக்கொண்டு தனியாக வந்தவர். கேட்டருகே நின்று காலை வணக்கம் சொன்னார். ஆற்றில் இறங்கப் போடும் ரப்பர் உடுப்பு, புதுசு, மடிப்புகூடக் கலையவில்லை.

“கோட்டுக்கு மேல ஒரு வெண்டல்கூட இல்லைங்க. முக்கால்தான் இருக்கும்” என்றார். நான்தான் வெண்டல் என்று அவருக்குத் தெரியாது.

“கவனமாப் போங்க” என்றேன்.

அதற்குமேல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு என்ன சொல்லமுடியும்? அவர் உடலைக் கழிமுகத்தில் நண்டுக்கூடை போடுகிறவர்கள் கண்டெடுத்தார்கள்.

அதன்பிறகு யாரும் கரடிமடுவுக்கு வரவில்லை.

ராய்ஸ் உடைந்துபோனான். என் சமையலறையில் உட்கார்ந்து, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே அழுதான். “நாந்தான் சொன்னேன் வெண்டல். ஒரு கை இருந்தாலும் போகலாம்னு என் வாயாலதான் சொன்னேன். நா எத்தனை தடவ போயிருக்கேன், ஒண்ணும் ஆனதில்லையே. எப்படிடா?”

அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். “உன் தப்பில்ல ராய்ஸ். ஆறு மாறிக்கிட்டே இருக்கும்” என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ரொம்ப நேரம் விடவில்லை. நான் அவனோடு அன்பாகத்தான் இருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் மனைவி வெர்னா போன் செய்தாள். “தூங்கறதே இல்ல வெண்டல். எந்திரிச்சு ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு மழையக் கேட்டுட்டே இருக்கார். நீ சொன்னா கேப்பார், எங்கியாவது மீன்பிடிக்கக் கூட்டிட்டுப் போயேன்.” பார்க்கலாம் என்றேன். பத்து நாள்கூட ஆகியிருக்காது, ராய்ஸும் ஆற்றோடு போய்விட்டான்.

அவனை அடக்கம் செய்த பிறகு தொடங்கியதைச் சொல்கிறேன், நீங்கள் சிரிக்காவிட்டால். தண்ணீர் பச்சையாக இருக்கும் காலைகளில், எதிர்க்கரைத் திட்டிலிருந்து யாரோ கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கோபமான குரல் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதுபோல. “தண்ணி எவ்வளவு இருக்கு?” முதலில் காற்று என்று நினைத்தேன். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தேன். தொடையளவு. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. உள்ளது உள்ளபடிதான் சொல்வேன். சொன்னதும் தண்ணீரில் யாரோ காலெடுத்து வைக்கும் சத்தம் கேட்கும். கூழாங்கல் உருளும். நடுஆறு வரைக்கும் அந்தச் சத்தம் வரும், பிறகு நின்றுவிடும். வந்து சேர்ந்தது கிடையாது.

தூண்டில் வீசினால் சில நேரம் மென்மையாக ஒரு இழுப்பு. மீன் இழுப்பதல்ல. மீன் தலையை உதறும். இது உதறாது. பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும், சட்டைக் கையைக் குழந்தை பிடிப்பதுபோல. நூலை அறுத்துவிடுவேன்.

போன வாரம் வெர்னா வந்தாள். கையில் ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட், புதுசு. “பாலத்துல அந்தக் கோட்ட நல்லாப் பளிச்சுன்னு அடி வெண்டல். ராய்ஸ் இருந்தா அதத்தான் சொல்வார். இனி எவளும் என்ன மாதிரி நிக்கக்கூடாது” என்றாள். போனேன். பாலத்துக்குக் கீழே இறங்கிப் பிரஷை நனைத்தேன். தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என் காதருகே, ராய்ஸ் கேட்டான். “அதே எடத்துலதானே?”

என்னால் கோடு போடமுடியவில்லை. அதனால்தான் வந்தேன். வேறு யாராவது போடவேண்டும். எந்த உயரத்தில் என்று காட்டுகிறேன்.

நடந்தது இதுதான். அன்று தூறல். தண்ணீர் நல்ல பச்சை, கோட்டுக்குமேல் ஒரு கை. நான் படகில் அந்தப் பக்கம் போய்த் திட்டில் நின்றுகொண்டிருந்தேன். மீன் மாட்டியது. பெரிய மீன், மடுவின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றது. அப்போது ராய்ஸ் இந்தக் கரையில் வந்து நின்றான். தூண்டில் கொண்டுவரவில்லை. கை முழுக்கச் சிமெண்ட் தூசி, ஈரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

“தூணத் தடவிப் பாத்தேன் வெண்டல். தேச்சிருக்க” என்றான். ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கத்தத்தான் வேண்டியிருந்தது, ஆனாலும் அது கத்தலாகத் தெரியவில்லை. “கோடு பழைய எடத்துல இருக்கு. ஏண்டா எங்கிட்டச் சொல்லல? அந்த ஆளக் கொன்னது யாருடா? நீயா, நானா?”

“மீன் மாட்டியிருக்கு ராய்ஸ்” என்றேன். “கொஞ்சம் இரு.”

அவன் இருக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் இறங்கினான். என் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று தோன்றியிருக்கும். என்னையே பார்த்துக்கொண்டு வந்தான், காலடியைப் பார்க்கவில்லை. நடுவில் தண்ணீர் அவனைத் தூக்கியது. கீழே சாய்ந்து கிடந்த ஆல்டர் மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் அவனுக்கும் ஒரு கயிற்றின் தூரம்தான். கயிறு, என் காலருகே இழுத்துப் போட்டிருந்த படகில் சுருண்டு கிடந்தது.

“கயித்தப் போடு” என்றான். சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதுபோலக் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை கேட்டான். மூன்றாம் முறை என் பெயரை மட்டும் சொன்னான்.

நீங்கள் மீன்பிடிப்பவராக இருந்தால் புரியும். அந்த நேரத்தில் நூலைத் தளரவிட்டால் கொக்கி மீனின் தொண்டைக்குள் இறங்கிவிடலாம். நூல் அறுந்தால் மீன் அதை இழுத்துக்கொண்டே அலைந்து சாகும். நான் அவசரப்படவில்லை. மெதுவாகக் கொண்டுவந்தேன். பெண்மீன். முதுகில் அந்தக் கடைசிச் சின்னத் துடுப்பு முழுசாக இருந்தது. பண்ணை மீன் என்றால் அதை வெட்டியிருப்பார்கள். இது ஆற்றிலேயே பிறந்தது. அப்படிப்பட்ட மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே கூடாது, சட்டம். மண்டியிட்டு, கொக்கியைக் கழற்றி, வாலைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். களைத்துப்போயிருந்தது. செவுள் திறந்து மூடும்வரை அப்படியே பிடித்திருக்கவேண்டும். முன்னாலேயே விட்டால் மூழ்கிவிடும். கைகள் மரத்துப்போயின. விடவில்லை. கடைசியில் அதற்கு மூச்சு வந்தது, தானாகவே என் கையிலிருந்து நழுவிப் போயிற்று.

நிமிர்ந்து பார்த்தேன். கிளை மட்டும் தண்ணீரில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தது.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆற்றில் எந்த உயிரையும் நான் அவசரப்பட்டுக் கைவிட்டதில்லை.