சந்திரனுக்குப் போனவரின் தண்ணீர் முறை

வாசகரே, போத்தனூர் ரயிலில் என் எதிரே அமர்ந்திருந்த தம்பதியரின் உரையாடலுக்கு நீரும் சாட்சியாக இரும். மனைவியின் மடியில் ஒரு நாவல் கிடந்தது.

“ஏனுங்க, சந்திரனுக்குப் போனவன் அவனோட தண்ணி முறையை ஆருகிட்ட உட்டுப்போட்டுப் போனானுங்க?”

“அது விஞ்ஞானக் கதை, அம்மணி. அதுல தோட்டமெல்லாம் வராது.”

“நமக்கு வருதுங்களே. கெணறு பங்காளிக்கும் நமக்கும் பொது. நம்ம முறையன்னிக்கு நீங்க இந்தப் புஸ்தகத்தோட சந்திரன்ல இருந்தீங்க. பொகையிலை நாத்து அத்தனையும் காஞ்சுபோச்சு. இப்ப எங்கண்ணன் ஊட்டுல போய் நாத்துக் கேக்கோணும்.”

கணவர் புத்தகத்துக்குக் கை நீட்டினார். அவள் அதை நகர்த்திக்கொண்டு கேட்டாள்:

“சந்திரனுக்குப் போனவன் திரும்பி வந்தானுங்களா?”

“தெரியலையே கண்ணு. பாதியிலதான் நீ புடுங்கிக்கிட்டயே.”

அவள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அவரோ பெட்டி முழுவதும் கேட்கும்படி வாக்களித்தார்:

“இனிக் கடைசிப் பாத்தி நனைஞ்சப்புறந்தான் புஸ்தகத்தைத் தொடுவேன். மிச்சக் கதைய உனக்கே படிச்சுக் காட்டறேன், அம்மணி.”