காத்து ஓட்டையில சாம்பல்

இல்லண்ணே, பேட்டரி மேல பழியப் போடாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. இ-சிகரெட்ல கருகுன வாடை வந்தா கோளாறு இங்க, புகையக் கிளப்புற இந்தத் தலையிலதான். உக்காருங்க, கழட்டிக் காட்டுறேன். இந்த ஷென்ஜென் ஊர்ல பாதிப் பேரு இத ஃபேக்டரில செய்யுறான், ரிப்பேருன்னா மட்டும் என் பெட்டிக்கடைக்கு வருவான்.

பாருங்க, பஞ்சு கரியாயிருச்சு. உள்ள ஊத்துற சாறு தீந்தப்புறமும் விடாம இழுத்திருக்கீங்க. நீங்க இழுக்கலயா? பின்ன, இது தானாவா இழுத்துக்கிச்சு? சரி சரி, உங்களுதுதான், நம்பிட்டேன். ரொம்ப வேர்க்குதே, ஃபேன் பக்கம் திரும்பிக்கங்க.

பஞ்ச உருவியாச்சு. இப்ப உள்ள சுருளாச் சுத்தியிருக்குற கம்பியச் சூடேத்துனா கசடெல்லாம் உதுந்துரும். நடுவுலருந்து ஓரம் வரைக்கும் சீரா செவக்குது பாத்தீங்களா? கம்பி பொழச்சிருச்சு. யாரோ நல்லாத்தான் சுத்தியிருக்காங்க.

அட, காத்து ஓட்டையில என்ன சாம்பலு? மோந்து பாருங்க. ஊதுவத்தி வாசம்ல அடிக்குது. கோயில்ல உக்காந்தா இழுக்குறீங்க?

எங்க வீட்டுக்காரரும் உங்கள மாதிரி மஞ்சச் சட்டதான், சாப்பாடு டெலிவரி. ஆ-ஷியோங்னு பேரு. தெரியாதா? சரி விடுங்க. அவரு இருமுனா எனக்குத் தூக்கமே வராதுண்ணே. அவங்கப்பா இருமி இருமியேதான் போனாரு. இந்தக் கல்லறையக் கூட்டிப் படைக்கிற பண்டிகைக்கு அவரு சமாதிக்குப் போனோமா, கோழி, ஆரஞ்சு, எல்லாம் படைச்சு, ஊதுவத்திக்கு நடுவுல தன்னோட இ-சிகரெட்டையும் வச்சாரு. அப்பா, நான் விட்டுட்டேன், இனி நீங்க இழுங்கன்னு விழுந்து கும்பிட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. நானும் சரின்னுட்டேன். செத்தவருக்கு இருமல் வராதுல்ல.

எங்க எந்திரிக்கிறீங்க? பஞ்சு வைக்கவேண்டாமா? இறுக்கித் திணிச்சா சாறு ஏறாது, தளர விட்டா ஒழுகும். இந்தா, ஊறியும் ஆச்சு. காசெல்லாம் வேணாம்ணே. இந்தக் கம்பியச் சுத்துனதே நான்தான், எங்க வீட்டுக்காரரு பொறந்தநாளுக்கு.

செத்த மனுசன் வாயிலருந்து புடுங்கிட்டு வந்திருக்காரு பாருங்க. கொண்டு போய் அவருகிட்டயே குடுத்துருங்க. அந்தப் பழக்கடைக்குப் பின்னால அவரு ஹெல்மெட் தெரியுது. நல்லா மூச்சக் கட்டி இழுக்கச் சொல்லுங்க. பஞ்ச ஊறவச்சது சாறுல இல்ல, அவங்கப்பா குடிச்ச கசப்புக் கஷாயத்துல. இருமலுக்கு நல்லதுன்னு சொல்லுங்க.