ஒரு பிடி கோதா மண்

காலை ஐந்து மணிக்கே கோதா மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு தெளித்தால் மேலே மட்டும் நனைந்து அடியில் கட்டி தட்டிப்போகும். கதவில் பூட்டுத் தொங்கினாலும், இன்றைக்கும் பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு போய்த் தெளித்துவிட்டுத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா.

என் பெயர் உலகநாதன். பூந்தமல்லியில் அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கும் தேகப்பயிற்சிக் கோதாவுக்கு நான் வாத்தியார். இடம் மில் முதலாளி மணவாள முதலியாருடையது. போன மாதம் செத்துப்போன சம்பத் என் தங்கை தாட்சாயிணியின் புருஷன். குளிர்சுரம் திரும்பி வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். தேகப்பயிற்சி அவனைக் கொன்றது என்று ஊர் சொல்கிறது. இரண்டும் தவறு.

தப்பாக நினைக்க வேண்டாம். தங்கள் இடுப்புவாரைப் பார்த்தால் பயிற்சி பழக்கமில்லை என்று தெரிகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

தண்டால் எடுக்கும்போது உடம்பு வளர்வதில்லை. தண்டால் உடம்பை உடைக்கிறது. பிறகு சாப்பிட்டுத் தூங்கும்போதுதான் உடைந்த இடம் முன்னைவிடக் கெட்டியாகக் கூடிக்கொள்கிறது. ஆகவே இன்று உடைத்த இடத்தை நாளைக்கே உடைக்கக் கூடாது. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். ஒருவனுக்குப் பொருந்தியது இன்னொருவனுக்குப் பொருந்தாது. சுரத்தில் படுத்து எழுந்தவன் பழைய அளவில் பாதிக்கும் கீழேயிருந்து தொடங்க வேண்டும். கட்டையைத் தூக்கு என்று யாரும் சொல்லலாம். எப்போது கீழே வைக்கச் சொல்வது என்று தெரிந்தவன்தான் வாத்தியார்.

அதற்கு எங்கள் கோதாவில் ஒரு முறை உண்டு. பயிற்சி செய்கிறவன் தானாக வெளியேறக் கூடாது. வாத்தியார் ஒரு பிடி மண் எடுத்து அவன் கையில் கொடுப்பார். அதைத் தோளில் தேய்த்துக்கொண்டு வெளியே வருவான். அதுவரை தண்ணீர் குடிக்கவும் கூடாது. மண்ணைக் கேட்டு வாங்குவது கேவலம். அப்படி வாங்கிய ஒருவனை அவன் கல்யாணப் பந்தியில்கூடக் கேலி பேசினார்கள்.

சம்பத் என்னிடம் வந்தபோது நெல் மூட்டைக்கு அடியில் கிடந்து எழுந்தவன் மாதிரி இருந்தான். முறைப்படி ஏற்றி ஆளாக்கினேன். இந்தத் தையில் பெரிய கர்லாக்கட்டையை என்னைவிட நெடுநேரம் சுற்றினான். முதலியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா உலகநாதா, அதான் உன் மச்சான் கீறானே. நீ இனிமே பானைக்குத் தண்ணி ரொப்பிக்கினு குந்தலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்திரையில் திருவேற்காட்டுத் திருவிழாவில் வித்தை காட்டி முடித்ததும் கோதா சம்பத் கைக்குப் போகும் என்று அன்றே சொல்லிவிட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. எனக்கும் வயதாகிறது.

மாசியில், ஆவடிக்குப் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்த சமயம், சம்பத் குளிர்சுரத்தில் விழுந்தான். எழுந்து வந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சித்திரைக்குள் தேறிவிடலாமா என்று என்னைத்தான் கேட்டான். தேறலாம் என்றேன்.

உட்கார்ந்து உட்கார்ந்து எழும் பஸ்கியை, பாதி கொடுக்க வேண்டியவனுக்கு இரண்டு பங்கு கொடுத்தேன். வெயிலில் கொடுத்தேன். மறுநாள் தொடை வீங்கியிருந்தது. அது ஓய்வு கொடுக்க வேண்டிய நாள். அதே தொடைக்கு மறுபடியும் கொடுத்தேன். அன்று சாயங்காலம் தனியாக வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றான். என் வாலிபத்தில் கள்ளிக்குப்பத்தில் ஒரு பயில்வானுக்கு அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவன் பிழைக்கவில்லை. ஆகவே அது என்னவென்று எனக்குத் தெரியும்.

"சுரத்து விஷம் எறங்குது, மச்சான்," என்றேன். "நாளைக்கும் வா."

வந்தான். வெயில் உச்சிக்கு ஏறும்வரை உட்கார்ந்து எழுந்தான். நடுவில் தாட்சாயிணி ஒரு செம்பில் நீராகாரம் கொண்டுவந்தாள். பயிற்சி நடக்கும்போது பெண்கள் வரக் கூடாது என்று தட்டிக்கு வெளியிலேயே திருப்பி அனுப்பினேன். பிறகு தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நான் அவனை அடிக்கவில்லை, திட்டவில்லை, இன்னும் செய் என்றுகூடச் சொல்லவில்லை. மண்ணை எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே பஸ்கி போட்டான். வாய் திறந்து மண் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை. முழங்கால் மடிந்து விழுந்த பிறகு ஒரு பிடி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். முறை என்று ஒன்று இருக்கிறது.

அதற்கப்புறம் அவனுக்குச் சிறுநீரே இறங்கவில்லை. உடம்பு ஊதிக்கொண்டு கிடந்து, அந்த வாரத்திலேயே அடங்கிவிட்டான்.

மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிட வேண்டாம். முதலியார் கோதாவைப் பூட்டிவிட்டார். பஸ்கி போட்டால் சாவு வரும் என்று சந்தையில் பேசுகிறார்கள். பிள்ளைகளை இனி அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். முறைப்படி செய்த பயிற்சி எங்கேயும் ஒருவனைக் கொன்றதில்லை. அந்தப் பழி கோதாவுக்கு வரக் கூடாது. பஸ்கி கொல்லவில்லை, ஐயா. எவ்வளவு கொடுத்தால் சாவான் என்று தெரிந்து நான் கொடுத்தேன். நான்தான் கொன்றேன். இதை அப்படியே எழுதி, முதலியாருக்குப் படித்துக் காட்டி, பூட்டை எடுக்கச் சொல்ல வேண்டும். மண் காய்ந்துவிட்டால் மறுபடி பதப்படுத்த ஒரு மழைக்காலம் பிடிக்கும்.

தாட்சாயிணி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறாள். வரும் வழியில் அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், தங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்று விடாமல். அவள் அழவில்லை. ஸ்டேஷன் படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணா. அவரு தண்ணி கேட்டாரா?"