ஆறு மில்லி

தையல்காரி: ஏங்க, அந்த நீலச் சட்டைக்காரரைப் பாத்தீங்களா? நாலாவது தடவையா தண்ணி குடிக்கிறார். வீட்டுல சொல்லாம வந்திருக்கார்.

வாத்தியார்: அது உனக்கெப்படித் தெரியும்?

தையல்காரி: போன் வந்தா "மார்க்கெட்ல நிக்கிறேன்"ங்கிறாரே! ஸ்கேன் சென்டர்ல என்ன கத்தரிக்காயா விக்கிறாங்க?

வாத்தியார்: மெதுவாப் பேசு… அவர் காதுல விழப்போகுது.

தையல்காரி: விழட்டும். அது கெடக்கு… உள்ள கூப்பிட்டதும் என்னோட போன வருஷத்துப் படத்தைக் கேப்பாங்களே, என்ன சொல்லப் போறீங்க?

வாத்தியார்: தேடினோம், கிடைக்கலைன்னு…

தையல்காரி: ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே நுரையீரல்ல இருக்கிற புள்ளி வளர்ந்துச்சா, அப்படியே இருக்கான்னு தெரியும்? வளரலைன்னா பயமில்லைன்னு டாக்டர் சொன்னாரே.

வாத்தியார்: அதான்… பேசாம வீட்டுக்குப் போயிடலாமா? அடுத்த மாசம் நிதானமாத் தேடி எடுத்துட்டு வருவோம்.

தையல்காரி: எனக்கென்னமோ அந்த மெஷினுக்குள்ள படுக்கப் பிடிச்சிருக்கு. "மூச்சை இழுங்க… பிடிங்க"ன்னு எங்கிருந்தோ ஒரு குரல். தண்ணிக்கடியில மிதக்கிற மாதிரி… சத்தமில்ல, வம்பில்ல…

வாத்தியார்: வம்பில்லாம நீயா!

தையல்காரி: பத்து செகண்டு தாங்குவேன்… அந்தப் புள்ளி கனவுலகூட வருதுங்க. இலை நுனியில பனித்துளி மாதிரி. விழவும் மாட்டேங்குது, காயவும் மாட்டேங்குது. நீங்க கீழ நின்னு ஸ்கேல் வச்சு அளக்கிறீங்க.

வாத்தியார்: நான் எதுக்கு அளக்கணும்?

தையல்காரி: கணக்கு வாத்தியாராச்சே! தினமும் மத்தியானம் படத்தை ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சு, மேகம் பாக்கிற மாதிரிப் பாத்துட்டு நின்னீங்களே…

வாத்தியார்: அது… காணாமப் போறதுக்கு முன்னாடி.

தையல்காரி: காணாமப் போச்சு?

வாத்தியார்: பீரோ மேல… விடைத்தாள் கட்டுக்குள்ள இருக்கு. நான்தான் வச்சேன்.

தையல்காரி: ஏன்?

வாத்தியார்: அதுல ஆறு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. ஆறாவே இருந்துட்டுப் போகட்டுமேன்னு… பழசு இல்லைன்னா வளர்ந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?

தையல்காரி: ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கழித்தல் சொல்லிக் குடுத்த ஆளு பேசற பேச்சா இது!

வாத்தியார்: கிண்டல் பண்ணாத. எந்திரி… ஆட்டோ பிடிச்சுப் போய் எடுத்துட்டு வந்துடலாம்.

தையல்காரி: உக்காருங்க. அங்க வெறும் விடைத்தாள்தான் இருக்கு. செவ்வாய்க்கிழமை பட்டன் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு, அந்தப் படத்தோட இங்கதான் வந்தேன். ஸ்கேன் எடுத்தாச்சு… ஒன்பது ஆயிருக்கு. அடுத்து என்னன்னு டாக்டர் இன்னிக்குச் சொல்றாராம். தனியாக் கேக்க மனசு வரலைங்க… கூப்பிடறாங்க, கையைக் குடுங்க.