கறுப்புக் கட்டம்

அதத்தான் சொல்றேன் தேவநாதன் சார், மொதல்ல அந்த வெப்சைட்ட மூடுங்க. ஃபைல இன்னும் ஏத்தலயில்ல? ஃப்ரீயா இருந்தா என்னா? ஒரு பொண்ணு குடுத்த புகாரு அது. ஒங்க சூப்பர்வைசரு அவள என்னா பண்ணான்னு ஒண்ணு விடாம எழுதியிருக்கா. அத எவனோ வெச்சிருக்கிற கம்ப்யூட்டருக்கு அனுப்பித்தான் அவ பேர மறைக்கணுமா?

கொஞ்ச நேரத்துல அவுங்களே அழிச்சிடுவாங்களா? போயிப் பாத்தீங்களா?

தள்ளுங்க, என் லேப்டாப்ல பண்றேன். பாருங்க, வைஃபைய அணைச்சிட்டேன். நெட்டு இல்லாமயே ஓடுற சாஃப்ட்வேரு இது. ஃபைலு இந்த ரூம விட்டு வெளிய போவாது. விசாரணைக் கமிட்டிக்கு வெளியாளா ஒக்கார சிதம்பரத்துலேருந்து வந்தவ நான். ஒங்க எறா கம்பெனியில இதையும் நானே பண்ணணும் போல.

ஏன் கோவப்படுறேனா? போன வருசம் என்னா பண்ணீங்க? இதே ஆளு மேல இன்னொரு பொண்ணு புகார் குடுத்தா. அத போன்லயே ஏதோ ஒரு சைட்டுல ஏத்தி, பேரு மேல கறுப்பா ஒரு கட்டம் வரைஞ்சி, மறைஞ்சிடுச்சின்னு ஆபீஸ் வாட்ஸாப் குரூப்புல போட்டுட்டீங்க. பேரு அடியில அப்படியே கெடந்துச்சு சார். எவனோ அந்த வரிய காப்பி பண்ணி வேற எடத்துல ஒட்டிப் பாத்தான். பேரு, ஊரு, எல்லாம் வந்துடுச்சு. சாயந்திரத்துக்குள்ள கிள்ளை ஊரு பூரா தெரிஞ்சிபோச்சு.

தெரியாம நடந்துச்சா? சரி. தெரிஞ்சப்பறம்? அவ வீட்டுக்கு ஒருத்தராவது போனீங்களா? அந்த சூப்பர்வைசர வேற ஊருக்கு மாத்துற மாதிரி மாத்திட்டு, திரும்பக் கூட்டியாந்துட்டீங்க. அவள மட்டும் வேலைய விட்டு நிப்பாட்டிட்டீங்க. ஒன்னால கம்பெனி பேரு கெட்டுப்போச்சின்னு அவ மொகத்தப் பாத்துச் சொன்னது நீங்கதான? மொறைக்காதீங்க.

முடிஞ்சிது, பாருங்க. மேல பூசல, எழுத்தையே எடுத்துட்டேன். தேடுங்க, காப்பி பண்ணிப் பாருங்க. ஒண்ணும் வரலயில்ல? கொஞ்சம் மனசு வெச்சிருந்தா அன்னிக்கே பண்ணியிருக்கலாம்.

தண்ணி வேணாம் சார்.

நீங்க அவகிட்ட சொன்னது எனக்கு எப்பிடித் தெரியுமா? ஆமா, அப்ப ரூம்ல நீங்க ரெண்டு பேருதான இருந்தீங்க. அவதான் சொன்னா. போன வருசம் புகார் குடுத்தாளே, அனுப்பிரியா. என் தம்பிக்குப் பேசி முடிச்சிருந்த பொண்ணு. அந்த ஃபைலு கைக்குக் கை வந்ததும் எங்க வீட்டுலயே கல்யாணத்த நிறுத்துனாங்க. தம்பி கேக்கல, ரெஜிஸ்டர் ஆபீசுல கட்டிக்கிட்டான். அதனால நான் கமிட்டியில இருக்கக் கூடாதுன்னா எழுதிக் குடுங்க. ஏன்னும் சேத்து எழுதுங்க.

இந்தப் பொண்ணுக்கு சாட்சி சொல்ல அவ என்கூடதான் வந்திருக்கா, கீழ ஒக்காந்திருக்கா. அவ பேர எங்கயும் மறைக்க வேணாமாம், சொல்லிட்டா. கூப்புடட்டுமா?