கடைசி எபிசோடில் அழுதவர்

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்கள். இளையவள் மடியில் பெரிய துணிப்பை இருந்தது.

"அந்தச் சீனாக்காரனாவது அம்மாவ எதுத்து ஒரு வார்த்த பேசினான்க்கா," என்றாள் அவள்.

"எந்தச் சீனாக்காரன்டி?"

"போன்ல தமிழ்ல வருதே, அந்த சீரியல்ல. மாமியாக்காரி மருமகள வெரட்டிடுவா. அது ஒரு பழைய சீனாக் கதையாம், அதுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் செத்துடுவாங்களாம். சீரியல்ல மாத்திட்டாங்க. அவனே போய் அவள கூட்டினு வந்துடுவான்."

"நல்லாத்தானே மாத்திக்கிறாங்க."

"நானும் அவரும் ஒரே இயர்போன ஆளுக்கு ஒரு காதுல வெச்சினு பாத்தோம். கடைசி எபிசோடுல அவரு தேம்பித் தேம்பி அழுதாரு."

மூத்தவள் அவள் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கொழந்த இல்ல, உங்க அம்மா ஊட்டுக்கே போய்டுன்னு காலையில உன் மாமியா சொன்னப்போ, அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. பையத் தூக்கினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாரு. ஜன்னலோரமா உக்காந்துக்கோ, இல்லன்னா உனக்கு வாந்தி வரும்னு சொல்லிட்டுப் போய்ட்டாரு."